வீட்டில் கட்டிய விமானமும் அதன் ஹைட்ராலிக் கியரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் இந்தக் கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பாதி, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிட் வாங்கிக் கட்டிப் பறக்கிற நம் ஆட்களிடமிருந்து. மீதி, குரோம்பேட்டை பக்கம் ஏரோ படிக்கிற பிள்ளைகளிடமிருந்து. எனக்குத் தொழில் அம்பத்தூரில் ஹைட்ராலிக் ரிப்பேர். விமானத்தின் லேண்டிங் கியர், அதாவது சக்கரம் மாட்டிய கால், அந்த வழியாகத்தான் என் மேஜைக்கு வந்தது.

இங்கே பேசுவது மின்மோட்டார் பம்ப்பால் மடங்கும் கியரைப் பற்றி மட்டும்: லான்கேர் 320, கிளாசேர் 3, வெலாசிட்டியில் மடங்கும் கியர் உள்ள மாடல், இந்த மாதிரி. ஆர்வி வரிசைக் கிட் விமானக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அவற்றின் கால் மடங்காது. நான் சொல்லும் எண்ணும் உங்கள் விமானத்தின் கையேட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால், கையேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது?

பவர் பேக் என்ற ஒரே பெட்டிக்குள் மோட்டார், பல்சக்கர பம்ப், ஆயில் தொட்டி, பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வு, ஆயிலை ஒரே திசையில் விடும் செக் வால்வு எல்லாம் இருக்கும். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் 'அப்' லைனில், அதாவது மடக்கும் குழாயில், பிரஷர் ஏறி, சிலிண்டரின் தண்டு நகர்ந்து கால் மடங்கும். எதிர்ப்பக்கம் சுற்றினால் 'டவுன்' லைனில் ஏறிக் கால் இறங்கும். பிரஷர் போதுமான அளவுக்கு வந்ததும் பிரஷர் சுவிட்ச், மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலேயை விடுவித்து மோட்டாரை நிறுத்தும். இறங்கிய காலைப் பூட்டுவது பிரஷர் அல்ல. நடுக்கோட்டைத் தாண்டி மடங்கி நிற்கும் இணைப்புத் தண்டும் அதன் ஸ்பிரிங்கும். மேலே போன காலைப் பிடித்து வைக்கப் பல கிட்களில் கொக்கி எதுவும் கிடையாது, ஆயில் பிரஷர் மட்டும்தான். கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்தில்தான் போய் முடியும். கடைசியாக டம்ப் வால்வு. அதைத் திறந்தால் இரண்டு லைனும் ஒன்றாகி, கால் தன் எடையால் கீழே விழும்.

எதில் கோளாறு என்றே தெரியவில்லை. பம்ப்பை மாற்றிவிடலாமா?

வேண்டாம். எல்லாரும் முதலில் கை வைப்பது பம்ப்பில்தான், கடைசியில் குற்றமற்றது என்று தெரிவதும் அதேதான். ஒரு டி-இணைப்பு போட்டு 'அப்' லைனில் ஒரு பிரஷர் கேஜ், 'டவுன்' லைனில் ஒரு கேஜ் மாட்டுங்கள். 2000 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் போதும், சிறிய விமானங்கள் பெரும்பாலும் 1000 பிஎஸ்ஐயை ஒட்டித்தான் ஓடும், அதாவது 69 பார்.

கேஜ் வந்ததும் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பிரஷர் வேண்டிய அளவைத் தாண்டியும் மோட்டார் ஓடுகிறதா? கோளாறு மின்சாரத்தில். மோட்டார் ஓடியும் பிரஷர் ஏறவில்லையா? கோளாறு ஆயிலில். பிரஷர் ஏறி நின்ற பிறகு மெல்ல இறங்குகிறதா? எங்கேயோ கசிகிறது. பிரஷர் சரியாக இருந்தும் கால் நகரவில்லையா? இரும்பைப் பாருங்கள்: காய்ந்துபோன புஷ், வளைந்த தண்டு, இடிக்கும் கதவு. கேஜ் மாட்டாமல் அலைபேசியில் "சத்தம் ஒரு மாதிரி வருது" என்று சொன்னால் என்னால் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

சார், பறக்கும்போது சில நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் தானாக ஓடி நிற்கிறது. பயப்பட வேண்டுமா?

எப்போது ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மேலே ஏறும்போது மட்டும் ஒன்றிரண்டு தடவை என்றால் அது குளிர். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி குறையும். 8000 அடி ஏறினால் 16 டிகிரி. அடைபட்ட ஆயில் குளிர்ந்தால் சுருங்கும். குழாய் துளியும் நெகிழாது என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு டிகிரிக்குப் பிரஷர் 10 பார் அளவில் இறங்க வேண்டும். நிஜத்தில் ஹோஸும் சீலும் நெகிழ்வதால் அவ்வளவு இறங்காது, ஆனாலும் சுவிட்சை மறுபடி தட்டி எழுப்ப அது போதும். இதற்கு நேரெதிர், மே மாத மத்தியானத்தில் பிரஷரை உள்ளே வைத்தபடியே வெயிலில் விமானத்தை நிறுத்துவது. அப்போது பிரஷர் ஏறும். அதை விட்டுவிடத்தான் சில அமைப்புகளில் வெப்ப ரிலீஃப் வால்வு இருக்கிறது.

ஒரே உயரத்தில் நேராகப் பறக்கும்போதும் பம்ப் விட்டுவிட்டு ஓடினால் கசிவுதான். வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் உள் கசிவு, அதற்கு மூன்று சந்தேக நபர்கள்: ஏதோ ஒரு சிலிண்டரின் பிஸ்டனில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், பவர் பேக்கின் செக் வால்வு, டம்ப் வால்வு. உங்களுடையதில் அக்யூமுலேட்டர் (நைட்ரஜன் அடைத்து, பிரஷரைத் தாங்கிப் பிடிக்கும் குடுவை) இருந்தால் நாலாவதாக அதையும் சேருங்கள். நைட்ரஜன் இறங்கிப்போன அக்யூமுலேட்டரால் சின்னக் கசிவைக்கூட மறைக்க முடியாது.

பிரித்துப் பார்க்கும் முறை இது. விமானத்தை ஜாக்கியில் ஏற்றிக் காலை மடக்குங்கள், மோட்டார் நின்றதும் அதன் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுங்கள். மூன்று கால்களையும் பட்டைக் கயிற்றால் தாங்கிக் கட்டுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. இப்போது பிரஷர் இருப்பது 'அப்' பக்கம். 'டவுன்' பக்கம் சும்மா இருக்கும். ஒரு சிலிண்டரின் 'டவுன்' முனையை மட்டும் கழற்றி அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள். உள்ளே தங்கியிருந்த கொஞ்சம் வடிந்து நின்றுவிடும். நிற்காமல் சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த சிலிண்டரின் பிஸ்டன் சீல் போய்விட்டது. மற்ற இரண்டையும் இப்படியே ஒவ்வொன்றாகப் பாருங்கள், மூன்றுமே காய்ந்திருந்தால் சிலிண்டர்களை விட்டுவிடலாம். அப்புறம் பிரஷரை இறக்கி, டம்ப் வால்வுக்குப் போகும் லைனை மூடி போட்டு அடைத்து, மறுபடி பிரஷர் ஏற்றுங்கள். பிரஷர் நின்றால் குற்றவாளி டம்ப் வால்வு. அப்போதும் இறங்கினால் பேக்கின் செக் வால்வு.

அவிழ்ப்பது 'டவுன்' நட்டா 'அப்' நட்டா என்று ஒவ்வொரு முறையும் லைனைக் கையால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். 'அப்' நட்டை அவிழ்த்தால் முகத்தில் ஆயில் அடிக்கும், தலையில் கால் விழும். நான் சிலிண்டரிலேயே சிவப்பு டேப் சுற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன்.

செக் வால்வு ஏன் கசிகிறது? புது பேக்தானே?

பெரும்பாலும் தூசி. அதிலும் நம்மூரில் பனியன் வேஸ்ட். கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டுக்கு நிகர் இல்லை, ஆனால் அதன் நூல் துணுக்கு ஒன்று ஃபிட்டிங்கோடு உள்ளே போனால் வால்வின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கண் இமை முடி மாதிரி ஒன்று குறுக்கே கிடக்கும். திறந்த முனைகளுக்கு உடனே மூடி போடுங்கள், நூல் உதிராத துணியால் துடையுங்கள். இன்னொன்று டெஃப்ளான் டேப். குழாய்க்காரர் பழக்கத்தில் அதைச் சுற்றினால் பிய்ந்துபோன நாடா நேராக வால்வுக்குள் போகும். ஃபிளேர் முனைக்கு, அதாவது குழாயின் விரித்த வாய்க்கு, எதுவுமே தடவ வேண்டாம். குறுகிச் செல்லும் மரைக்கு, ஆயிலைத் தாங்கும் பசை வகை சீலன்ட்டை முதல் இரண்டு மரையை விட்டுத் தடவினால் போதும்.

ஜாக்கியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது?

கையேடு காட்டும் இடத்தில்தான் ஜாக்கி. வால் பக்கம் சாயும் விமானமா, மூக்கு பக்கம் சாயும் விமானமா என்று முன்னமே பார்த்து எடை கட்டுங்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் வகையில் பைலட் இருக்கை காலியாக இருந்தால் மூக்கு அப்படியே மேலே தூக்கிவிடலாம். ஹேங்கருக்குள் செய்யுங்கள். சென்னையில் வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று திரும்பும். வெளியே மூன்று ஜாக்கி மேல் நிற்கும் இறக்கைக்கு அது ஆகாது. சக்கரக் குழிக்குள் கை போகும்போது பிரேக்கர் வெளியே இருக்க வேண்டும், சுவிட்ச் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. மோட்டாரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அது கொஞ்ச நேரம் ஓடி நிற்பதற்காகச் செய்தது, நாலு தடவை மடக்கி இறக்கியதும் தொட்டுப் பார்த்து ஆறவிடுங்கள்.

பம்ப் சத்தம் நன்றாகக் கேட்கிறது, கால் மட்டும் அசையவில்லை.

டம்ப் வால்வு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லை, நிஜமாகவே எழுந்து போய்ப் பாருங்கள். போன சோதனையில் திறந்ததை மூட மறந்திருப்பார்கள், பாதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். மூடியிருந்தால் அடுத்தது தொட்டியில் ஆயில் அளவு. அப்புறம் காற்று. அதற்கும் பிறகுதான் திறந்தபடி சிக்கிய ரிலீஃப் வால்வு, மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தது எல்லாம். கப்ளிங் உடைந்திருந்தால் மோட்டார் சத்தத்தில் பளுவே இருக்காது, வெறுமனே உயர்ந்த குரலில் சுற்றும்.

காற்றை எடுப்பது எப்படி? காரில் மாதிரி நிப்பிளைத் திறக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஜாக்கியில் வைத்து ஏழெட்டு முறை முழுக்க மடக்கி இறக்கினால் காற்று தானே தொட்டிக்குத் திரும்பிவிடும். நடுநடுவே ஆயில் அளவை மட்டும் பாருங்கள்.

ஆயில் அளவு ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி காட்டுகிறதே?

காட்டத்தான் செய்யும். சிலிண்டருக்குள் தண்டு இருக்கும்போது அது இடத்தை அடைக்கிறது, வெளியே வந்ததும் அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. அரை அங்குலத் தண்டு, 8 அங்குல ஓட்டம் என்றால் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 26 மில்லி. மூன்றுக்கும் சேர்த்து 75 மில்லிக்கு மேல். இந்தச் சின்னத் தொட்டிக்கு அது பெரிய அளவு. தண்டு நீண்டிருக்கும் நிலையில் தொட்டியைத் தளும்ப நிரப்பினால் தண்டு உள்ளே போகும்போது காற்றுத் துளை வழியாக ஆயில் வழியும். "லீக் ஆகுது சார்" என்று வருபவர்களில் சிலருக்கு லீக்கே கிடையாது, இதுதான். கால் எந்த நிலையில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கும். அந்த வரியைத் தொட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அண்ணா, 5606 ஹைட்ராலிக் ஆயில் வர நாளாகும் என்கிறார்கள். அதுவரை பிரேக் ஆயில் ஊற்றலாமா?

தம்பி, ஊற்றவே கூடாது. கார், பைக்கில் போடும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைகால் வகை. 5606 என்ற சிவப்பு ஆயில் கனிம எண்ணெய். அதற்கென்று போட்ட நைட்ரைல் ரப்பர் சீல், கிளைகாலில் ஊறினால் உப்பி மென்மையாகிவிடும். பெரிய ஜெட்களில் இருக்கும் ஊதா நிற ஸ்கைட்ராலும் அதே கதிதான். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றினால் போதாது. முழு அமைப்பையும் கழுவி, எல்லா சீலையும் மாற்ற வேண்டும்.

பாரிமுனையில் டின்னில் கிடைக்கும் 46 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் சீலைக் கெடுக்காது, ஆனால் தடிமன். 40 டிகிரியில் 5606-இன் பாகுத்தன்மை 14 சென்டிஸ்டோக் அளவுதான், அதற்கோ பெயரிலேயே 46 இருக்கிறது. சென்னைத் தரையில் ஓடிவிடும். மேலே குளிரில் கால் நகர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். மாற்று வேண்டுமென்றால் 83282 என்ற செயற்கை ஆயில், அதுவும் சிவப்புதான், 5606-உடன் கலந்தாலும் குற்றமில்லை. தீப்பற்றும் விஷயத்தில் அது பல மடங்கு மேல்: 5606-க்கு ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 82 டிகிரி என்றால் இதற்கு 205. உங்கள் கையேடு ஏற்றுக்கொண்டால் நான் அதற்கே ஓட்டுப் போடுவேன்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறது.

தண்ணீர். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் வேர்த்திருக்கும். வடித்து மாற்றுங்கள்.

ஓ-ரிங் செம்புதாஸ் தெருவில் வாங்கலாமா?

ஃபிட்டிங், ஹோஸ் என்று ஹார்டுவேர் தேடி ஜார்ஜ் டவுன் பக்கம் போவது எனக்கும் பிடித்த வேலைதான். ஆனால் இந்த சீலுக்கு வேண்டாம். அமெரிக்கக் கிட்டின் ஓ-ரிங் தடிமன் அங்குலக் கணக்கு: மில்லிமீட்டரில் சொன்னால் 1.78, 2.62, 3.53, இப்படி வரும். கடையில் பழைய சீலைக் காட்டினால் 2.62-க்குப் பதில் 2.5 எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால் வித்தியாசம் தெரியாது, போட்டாலும் ஹேங்கரில் லீக் தெரியாது. அழுத்தம் குறைவாக உட்கார்ந்த அந்த சீல் குளிரில் சுருங்கும்போதுதான் வேலையைக் காட்டும். வெர்னியர் வைத்து அளந்து பார்த்து வாங்கினாலும், எந்த ரப்பர் என்று கடைக்காரரால் எழுதிக் கொடுக்க முடியாது. வெளியிலிருந்து வரவழைக்கும்போதே இரண்டு செட்டாக வரவழையுங்கள். ஓ-ரிங்குக்குத் துணையாகப் பேக்கப் ரிங் இருந்தால் அது பிரஷர் வராத பக்கம்தான் உட்கார வேண்டும். மாட்டும் முன் தண்டின் மேல் நகத்தால் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் கீறல் இருந்தால் புது சீலும் சில நாள்தான்.

லீக் எங்கே என்று கையால் தடவிப் பார்க்கலாமா?

பிரஷர் இருக்கும்போது கூடாது. ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அது அறுவை சிகிச்சை வரை போகிற காயம். அட்டைத் துண்டை ஓட்டிப் பாருங்கள். கசியும் நட்டைப் பிரஷரோடு முறுக்கவும் வேண்டாம். முறுக்கியும் நிற்கவில்லை என்றால் ஃபிளேரைப் பாருங்கள்: விமானத்துக்கு 37 டிகிரி, கார் கடையில் இருக்கும் கருவி பெரும்பாலும் 45 டிகிரி. எவ்வளவு முறுக்கினாலும் இரண்டும் சேராது, அலுமினியக் குழாய் வெடிப்பதுதான் மிச்சம்.

சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை.

மல்டிமீட்டரை எடுங்கள். பிரேக்கர், தரையில் மடங்காமல் தடுக்கும் சுவிட்ச், பிரஷர் சுவிட்ச், ரிலே சுருள் என்று வரிசையாகப் பாருங்கள். ரிலே 'டக்' என்று அடித்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால், சுற்றச் சொல்லிக்கொண்டே மோட்டார் முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12 இருந்து மோட்டாரில் 9 வந்தால் நடுவில் எங்கேயோ திருட்டு. துண்டு துண்டாக அளந்தால் அகப்படும்.

ஃபைபர் உடம்பு விமானக்காரர்கள் எர்த் பக்கத்தையும் அளக்க வேண்டும். உலோக விமானத்தில் உடம்பே திரும்பும் வயர், ஃபைபரில் பேட்டரி வரை தனி வயர்தான் வழி. நம் கடற்கரைக் காற்றில் அதன் முனையில் பச்சை பூத்திருக்கும்.

பம்ப் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பிரேக்கரை இழுங்கள், அப்புறம் யோசிக்கலாம். கேஜில் பிரஷர் நிறைய இருந்தால் சுவிட்ச் கெட்டது அல்லது ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டன. குறைவாக இருந்தால் மேலே உள்ள கசிவுக் கதை.

கால் இறங்கிப் பூட்டியதைக் காட்டும் விளக்குகளில் இரண்டு பச்சை எரிகிறது, மூன்றாவது எரியவில்லை.

பல்பை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பகலில் மட்டும் தெரியவில்லை என்றால் இரவு மங்கல் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைப்பர் ஆரோ என்ற விமானத்திலேயே பிரபலமான குழப்பம் அது, அதைப் பார்த்துக் கட்டியவர்களுக்கும் தொத்தியிருக்கும். பிறகு, கால் பூட்டியதை உணர்ந்து விளக்கைப் போடும் மைக்ரோ சுவிட்ச். அதைச் சரிசெய்யும் முன் இணைப்புத் தண்டு நிஜமாகவே நடுக்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். பூட்டாத காலுக்குச் சுவிட்சை நகர்த்திப் பச்சை வர வைப்பதைவிடப் பெரிய கெடுதல் இதில் வேறு இல்லை.

முன் சக்கரம் மடங்கும்போது குழியில் இடித்து மாட்டிக்கொண்டது. சிலிண்டரா?

அனேகமாக இல்லை. முன் காலின் ஷாக் ஸ்ட்ரட்டில் (அதிர்ச்சி தாங்கும் தண்டு) காற்று குறைந்து அது முழுதாக நீளாவிட்டால், சக்கரத்தை நேராகத் திருப்பி வைக்கும் கேம் பொருந்தாது. கோணலாகவே உள்ளே போகும். ஸ்ட்ரட்டைச் சரியாக ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

டம்ப் வால்வை எத்தனை நாளைக்கு ஒரு முறை சோதிக்கலாம்?

வருடாந்திரப் பரிசோதனையில் கட்டாயம், சிலிண்டரையோ லைனையோ தொட்ட ஒவ்வொரு முறையும் கட்டாயம். மடக்கி, பிரேக்கரை இழுத்து, வால்வைத் திறந்து, எத்தனை நொடியில் மூன்றும் பூட்டுகின்றன என்று குறித்து வையுங்கள். போன வருட எண்ணோடு ஒப்பிட்டால்தான் அதற்கு அர்த்தம்.

இதில் ஒரு பொறி உண்டு. முன் கால் காற்றை எதிர்த்து முன்னால் வர வேண்டிய வகை என்றால், ஹேங்கரில் அந்தக் காற்று கிடையாது. வானத்தில் அதைத் தள்ளிக் கொடுப்பது ஒரு கேஸ் ஸ்பிரிங். அது வருடம் ஆக ஆக வலு இழக்கும், ஜாக்கியில் மட்டும் ஒழுங்காக விழுந்து காட்டும். ஸ்பிரிங் தராசு வைத்து அதன் வலுவை அளந்து பாருங்கள், சந்தேகமென்றால் மாற்றிவிடுங்கள். முழு அமைப்பிலும் விலை குறைந்த சாமான்களில் அதுவும் ஒன்று.

வானத்தில் கால் இறங்கவில்லை என்றால்?

நான் மெக்கானிக், பைலட் இல்லை. கையேட்டின் அவசரப் பக்கம்தான் பதில். அதில் உள்ள வரிசைக்குக் காரணம் மட்டும் சொல்கிறேன். வேகத்தைக் குறைக்கச் சொல்வது காற்றின் எதிர்ப்பைக் குறைக்க. பிரேக்கரை இழுக்கச் சொல்வது மோட்டார் நடுவில் புகுந்து குழப்பாமல் இருக்க. வால்வைத் திறந்து மூன்று பச்சையும் வந்துவிட்டால் அதை மூட வேண்டாம்; "சும்மா ஒரு தடவை மடக்கிப் பார்க்கலாம்" என்ற எண்ணமும் வேண்டாம். இறங்கி, ஜாக்கியில் ஏற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய பவர் பேக் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

மோட்டார் வோல்ட்டேஜ் 12-ஆ 24-ஆ, உள்ளே ரிலீஃப் வால்வு எத்தனை பிஎஸ்ஐக்கு வைத்திருக்கிறது, எந்த ஆயிலில் ஓடியது என்ற மூன்றையும் கேளுங்கள். இதே பேக் குடும்பங்கள் படகிலும் லாரி லிஃப்ட்டிலும் ஓடுகின்றன. வெளியே பார்க்க ஒன்றாக இருந்தாலும் உள்ளே வால்வு அமைப்பு வேறாக இருக்கும். மூன்றாவது கேள்விக்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால் எல்லா சீலும் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அப்போது சல்லிசாக இருக்காது.